கூட்டுப் புகைப்படம், மூன்று பிரதிகள்

ஜனவரி 2, செவ்வாய்

புது டைரி. ஜல்லி கம்பெனிக்காரர் கொடுத்தது. மே 31ஆம் தேதிப் பக்கத்தைத் திறந்து, காம்பஸ் வைத்து ஒரு வட்டம் போட்டேன். அன்று எனக்கு ஓய்வு. நெடுஞ்சாலைத் துறையில் முப்பத்தைந்து வருடம் ரோடும் பாலமும் வரைந்த கை இது. வெறும் கையால் வட்டம் போட்டால் எனக்கே பிடிக்காது.

கண்காணிப்பாளர் கூப்பிட்டு, ஓய்வூதியத்துக்குக் கொடுக்க வேண்டிய தாள்களின் பட்டியலை நீட்டினார். பதினான்கு இனம். ஒன்பதாவது: மனைவியுடன் எடுத்த கூட்டுப் புகைப்படம், மூன்று பிரதிகள்.

"இத மட்டும் எல்லாரும் இழுத்தடிக்கிறாங்க சார். ஏப்ரலுக்குள்ள வந்துரணும்" என்றார்.

என்னிடமா இதைச் சொல்வது. பி.எஃப். லோன் போட்டு வாங்கிய கேமரா இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறது. "நானே எடுத்துக்கிருவேன் சார்" என்றேன்.

ஜனவரி 7, ஞாயிறு

காலை ஆறு மணிக்குக் கண்மாய். நூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்ததில் ஒரு நீர்க்காகம் தேறியது. சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கிறது.

திரும்பும்போது பேருந்து நிலையத்தை ஒட்டிய தனம் ஸ்டுடியோவில் டீ குடித்தேன். அதன் முதலாளி தனுஷ்கோடி, என் மனைவி பஞ்சவர்ணத்தின் அண்ணன், எனக்கு மச்சான். முப்பத்தொரு வருடமாக எங்கள் பெரியகுளம் ஊரில் படம் எடுக்கிறார். நீர்க்காகத்தைக் காட்டினேன்.

"நல்லாருக்கு மாப்ள. அது காசு குடுக்காது, நீங்களும் கேக்க மாட்டீங்க. ரெண்டு பேருக்கும் பொருத்தம்தான்" என்றார்.

அவருக்குப் பொறாமை என்று நினைக்கிறேன்.

ஜனவரி 21, ஞாயிறு

மதியம் ஜெயபாரதி வந்தாள். எங்கள் அலுவலகத் தட்டச்சர். வெள்ளிக்கிழமை நான் கையெழுத்துப் போட மறந்த தாளை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். முப்பத்தொரு வயது. ஏழு வருடமாக மாப்பிள்ளை பார்க்கிறார்கள். படத்தைப் பார்த்துவிட்டே பாதிப் பேர் ஒதுங்கிவிடுகிறார்களாம். அந்தப் படத்தைப் போனில் காட்டினாள். ஏதோ குற்றத்துக்குப் பிடித்து வைத்த மாதிரி முகம்.

பின்கட்டில் பஞ்சவர்ணம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். முருங்கை நிழல். பக்கத்து வீட்டு வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சம். இப்படி ஓர் இடம் ஊரில் எந்த ஸ்டுடியோவிலும் கிடையாது. ஜெயபாரதியை முருங்கைக்குக் கீழே நிற்கவைத்தேன். உடனே விறைத்துக்கொண்டாள். பஞ்சவர்ணம் வழக்கம்போல ஏதோ பழைய கதையை எடுத்துவிட்டாள். எனக்குத்தான் கவனம் சிதறியது. இருந்தாலும் சமாளித்து எடுத்தேன்.

பதினாறில் ஒன்று பிரமாதம். பல் தெரியச் சிரிக்கிறாள், கண்ணில் வெளிச்சம் நிற்கிறது. எல்லாம் அந்தச் சுவரால் வந்தது. சுவரின் கோணத்தை அளந்து குறித்து வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

ஜெயபாரதிக்கு முடிந்துவிட்டது. உசிலம்பட்டி மாப்பிள்ளை, கூட்டுறவு வங்கியில் வேலை. படம் போய்ப் பத்தே நாள். "இப்பிடிச் சிரிக்கிற பொண்ணு வீட்டுக்கு வந்தாப் போதும்" என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னாராம்.

"உங்க கைராசி சார்" என்று போனில் அழுதுகொண்டே சொன்னாள். வெளிச்சத்தின் கோணம்தான் காரணம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

பிப்ரவரி 5, திங்கள்

அலுவலகத்தில் லட்டு. எல்லோருக்கும் ஒன்று, எனக்கு இரண்டு.

பிப்ரவரி 11, ஞாயிறு

காசிமாயன் என்று ஒருவர் வந்தார். திருமணத் தகவல் மையம் வைத்திருக்கிறார். வெள்ளை வேட்டி, கையில் இரண்டு போன். கூடவே இரண்டு பெண்கள், அவர்களுடைய அம்மாக்கள்.

"ஐயா கையால எடுத்தா முடியுதுன்னு ஊரே பேசுது. இந்தப் பிள்ளைகளுக்கும் எடுத்துக் குடுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணே ஒண்ணுய்யா. காசு மட்டும் வாங்கிராதீங்க. கைராசிக்காரங்க காசு வாங்குனா ராசி போயிரும்."

"எனக்கு எதுக்குய்யா காசு? அரசாங்கம் சம்பளம் குடுக்குது. நான் ஆசைக்குச் செய்றேன்" என்றேன். சொன்னபோது எனக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது. அம்மாக்கள் இருவரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

காபி கொண்டுவந்த பஞ்சவர்ணம், "அப்ப எங்கண்ணனுக்கு யாரு குடுக்குறா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பின்கட்டுக்குப் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பெண்களிடம் மட்டும் நன்றாகத்தான் பேசினாள். இரண்டு படமும் அருமை.

பிப்ரவரி 18, ஞாயிறு

மூன்று பெண்கள், ஒரு பையன். பையனுக்குத் தெற்றுப்பல். சிரிக்கவே மாட்டேன் என்று வந்தவன் கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் அப்போது லென்ஸின் அப்பர்ச்சரை 5.6க்கு மாற்றியிருந்தேன்.

பிப்ரவரி 26, திங்கள்

தெற்றுப்பல் பையனுக்கு முடிந்துவிட்டது. அதோடு போன வாரத்துக்கு முந்தைய வாரம் வந்த பெண் ஒருத்திக்கும்.

பேருந்து நிலையத்தில் காசிமாயன் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார். "கைராசி நாகேந்திரன் ஐயா கையால் போட்டோ." நான் எடுத்ததில் நான்கு படங்களைப் போட்டிருக்கிறார். கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். ஸ்கூட்டரை நிறுத்தி ஒரு தடவை பார்த்தேன். சாயங்காலம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது இன்னொரு தடவை பார்த்தேன். நேர் எதிரில்தான் தனம் ஸ்டுடியோ. உள்ளே மச்சான் ஒற்றை ஆளாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

பஞ்சவர்ணத்திடம் சொன்னேன். "பாத்தேன். உங்க பேருக்குக் கீழ அந்தாளு போன் நம்பர் இருக்கு" என்றாள்.

மார்ச் 3, ஞாயிறு

மச்சான் வந்தார். வாசலில் பதினொரு ஜோடிச் செருப்பு கிடந்தது. நின்று எண்ணிவிட்டுத்தான் உள்ளே வந்தார். எல்லோரும் போகும்வரை கூடத்தில் காத்திருந்தார்.

"மாப்ள, எடுக்காதீங்கன்னு சொல்ல வரல. காசு வாங்குங்கன்னு சொல்ல வந்தேன்."

எனக்குப் புரியவில்லை.

"பாஸ்போர்ட் சைஸெல்லாம் போன்லயே எடுத்துக்கிறாய்ங்க. எனக்கு மிச்சம் இருந்தது இந்தப் பொண்ணு பாக்குற போட்டோதான். நான் முந்நூறு வாங்குறேன். நீங்க நானூறு வாங்குங்க. அப்பயும் உங்ககிட்டதான் வருவாங்கன்னா நான் தோத்துட்டேன்னு ஒத்துக்கிறேன். சும்மா குடுக்குறவரோட எப்பிடிப் போட்டி போடுறது?"

"இது எனக்கு ஆசை மச்சான், தொழில் இல்ல. ஆசைக்கு எப்பிடி வெல போடுவேன்?"

"ரோடு வரையிறது உங்களுக்கு ஆசைதான?"

"ஆமா."

"சம்பளம் வேணாம்னு எழுதிக் குடுத்தீங்களா?"

"அது கடமை மச்சான்."

"சரி. கடமைக்குக் காசு, ஆசை ஓசி. எனக்கு ரெண்டும் ஒண்ணாப் போச்சே மாப்ள. அதுக்கு என்ன செய்ய?"

பிறகு, கோபமே இல்லாமல், சித்திரைக்குள் தேறவில்லை என்றால் கடைச் சாவியைக் கொடுத்துவிடப்போவதாகச் சொன்னார். செல்போன் கடைக்காரன் ஒருவன் அட்வான்ஸோடு நிற்கிறானாம். நான் புதிதாக எடுத்த கொக்குப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "கழுத்து நல்லா வந்துருக்கு" என்றார்.

வாதத்தில் நான்தான் ஜெயித்தேன் என்று நினைக்கிறேன். சாப்பிடும்போது பஞ்சவர்ணம் ரசச் சட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். ஊற்றவில்லை.

மார்ச் 4, திங்கள்

இட்லிக்குச் சட்னி இல்லை. கேட்டேன். "ஆச வந்தாத்தான அரைக்க முடியும். கடமையா என்ன?" என்றாள்.

மார்ச் 8, வெள்ளி

மச்சானின் மனைவிக்குக் கண்புரை ஆபரேஷன். அவர்தான் இத்தனை வருடமாக ஸ்டுடியோ கல்லாவில் உட்காருபவர். "மதினி எந்திரிக்கிற வரைக்கும் நான் கடையில இருக்கேன்" என்று பஞ்சவர்ணம் சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள். இனி ஞாயிறும் அங்கேதான்.

நல்லது. இங்கே படம் எடுக்கும்போது தொணதொணப்பு இருக்காது.

மார்ச் 10, ஞாயிறு

இரண்டு பெண்கள். அதே முருங்கை, அதே சுவர், அதே நேரம். ஹால் டிக்கெட் முகம்.

மார்ச் 17, ஞாயிறு

இன்னும் இரண்டு பெண்கள். "சிரிம்மா" என்றேன். சிரித்தார்கள். பல் டாக்டரிடம் காட்டுவதுபோல வந்தது. கௌசல்யா என்ற பெண்ணை நாற்பத்தேழு படம் எடுத்தேன். கடைசியில் அதற்கே என் மேல் இரக்கம் வந்து, "தண்ணி குடிக்கிறீங்களா சார்?" என்று கேட்டது.

மார்ச் மாத வெயில் கடுமையாகிவிட்டது. சுவரிலிருந்து வரும் வெளிச்சத்தில் மஞ்சள் ஏறியிருக்கிறது.

மார்ச் 20, புதன்

லென்ஸில் பூஞ்சை இருக்கலாம். மதுரைக்கு அனுப்பினேன்.

மார்ச் 22, வெள்ளி

லென்ஸில் ஒன்றும் இல்லையாம். துடைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

கண்காணிப்பாளர் மறுபடி கேட்டார். பதினான்கில் பதின்மூன்று கொடுத்தாகிவிட்டது. "உங்களுக்குப் படம் எடுக்குறது ஒரு வேலையா சார்?" என்றார். கிண்டலா என்று தெரியவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

காலை ஏழு மணிக்குக் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, பத்து விநாடி டைமர் வைத்து, கூட்டுப் புகைப்படம் எடுக்க முயன்றேன். முதல் படத்தில் நான் உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. இரண்டாவதில் பஞ்சவர்ணம் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறாள். மூன்றாவதில் அவளே இல்லை, கடைக்குப் போய்விட்டாள்.

மாலை அந்தப் பக்கம் போனேன். தனம் ஸ்டுடியோ வாசலில் ஒன்பது ஜோடிச் செருப்பு. கண்ணாடிக்குள் புதிதாக ஒரு பெண்ணின் படம் வைத்திருக்கிறார்கள். விழுந்து விழுந்து சிரிக்கிறது. மச்சான் புது லைட் வாங்கியிருப்பார் போல. எவ்வளவு விலை என்று கேட்டேன். "எந்த லைட்டு?" என்றார்.

மார்ச் 31, ஞாயிறு

இன்று நடந்ததை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

கௌசல்யாவின் அம்மா வந்தார். எண்டப்புளி பக்கம் மாந்தோப்பில் காய் பறிக்கிற வேலை. வாசலுக்கு வெளியிலேயே நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"கோவிச்சுக்கக் கூடாதுங்கய்யா. போட்டோ அம்புட்டு நல்லா வரல. ரெண்டு எடத்துல வேணாம்னுட்டாங்க. இன்னொரு தடவ எடுத்துக் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்."

"அதுக்கென்னம்மா, தாராளமா எடுக்கலாம்" என்றேன்.

"எங்களால மறுபடி ஐநூறு குடுக்க முடியாதுங்கய்யா. மொதத் தடவ குடுத்ததுலயே பாத்துக்கிட்டீங்கன்னா…"

"என்ன ஐநூறு?"

அவர் மிரண்டுபோனார். "உங்க கைராசிக்குன்னு தரகர்கிட்டக் குடுத்தோமேய்யா" என்றார்.

நான் ஒரு பைசா வாங்கவில்லை என்று இந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் நம்புவாரா? என்னை ஊரில் காசு வாங்காத மனிதன் என்று யாருமே நினைத்திருக்கவில்லை. தனம் ஸ்டுடியோவைவிட இருநூறு ரூபாய் அதிகம் வாங்குகிறவன் என்று நினைத்திருக்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஏப்ரல் 1, திங்கள்

அரை நாள் விடுப்பு. காசிமாயன் அலுவலகத்துக்குப் போனேன். ஏசி போட்டிருக்கிறார்.

"காசு வாங்குனா ராசி போயிரும்னு சொன்னது நீங்கதானய்யா?"

"ஆமாங்கய்யா. நீங்க வாங்குனாப் போயிரும்."

"நீங்க வாங்குனா?"

"எனக்கு என்னங்கய்யா ராசி இருக்கு, போறதுக்கு?" என்றார். மனிதர் ஒளிக்கவே இல்லை. "தப்பா எடுத்துக்கிறாதீங்க. சும்மா கெடைக்கிறதுன்னா ஒருத்தரும் மதிக்கிறதில்ல. ஐநூறுன்னு சொன்னப்பறந்தான் வரிசையில நின்னாங்க. நீங்க வேணாம்னு சொன்ன காசு எங்கயாச்சும் போயித்தான ஆகணும். எங்கிட்ட வந்துச்சு."

நல்ல பதில் ஒன்றை யோசித்துக்கொண்டே படியிறங்கினேன். ஸ்கூட்டர் வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் அது கிடைத்தது. ஆனால் ஃப்ளெக்ஸை அவிழ்க்கச் சொல்லிவிட்டு வந்தேன். அதை மட்டும் அங்கேயே சொல்ல முடிந்தது.

ஏப்ரல் 3, புதன்

இதுவரை முடிந்தவர்களின் படங்களையும் முடியாதவர்களின் படங்களையும் ஒன்றாக பிரிண்ட் போட்டு மேசையில் பரப்பினேன். ஒரு பாலம் விரிசல் விட்டால் வரைபடத்தைத்தானே முதலில் விரித்துப் பார்ப்போம்.

முடியாதவர்கள் எல்லோரும் லென்ஸைப் பார்க்கிறார்கள், அதாவது என்னை. முடிந்தவர்கள் ஒருவர்கூட லென்ஸைப் பார்க்கவில்லை. பார்வை கொஞ்சம் இடது பக்கம், கொஞ்சம் கீழே. பின்கட்டின் அளவுகளைத் தாளில் வரைந்து, அவரவர் நின்ற இடத்தைக் குறித்து, ஒவ்வொருவர் கண்ணிலிருந்தும் பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன். ஜெயபாரதி, தெற்றுப்பல் பையன், மற்றவர்கள். ஐந்து கோடு. ஐந்தும் ஒரே புள்ளியில் போய்ச் சேர்ந்தன.

அந்தப் புள்ளி துவைக்கிற கல்.

இதைப் பற்றி இன்று இதற்கு மேல் எழுதப்போவதில்லை.

ஏப்ரல் 4, வியாழன்

இட்லிக்குச் சட்னி இருந்தது. மேசையில் கிடந்த தாளை அவள் பார்த்திருக்க வேண்டும். நான்கு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

சரியாக வராத நான்கு பெண்களையும் போனில் கூப்பிட்டு, தனம் ஸ்டுடியோவுக்கு வரச் சொன்னேன். நால்வருக்கும் பணம் நான் கட்டினேன். பஞ்சவர்ணம் ரசீது எழுதினாள். "யாரு பேருல?" என்று என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "கைராசி நாகேந்திரன்னு போடு" என்றேன். உதட்டை மடித்துக்கொண்டு எழுதினாள்.

உள்ளறைக்கும் கல்லாவுக்கும் நடுவே பச்சைத் திரை. முதலில் கௌசல்யா போனாள். மச்சான் கேமராவுக்குப் பின்னால். கல்லாவிலிருந்து பஞ்சவர்ணமும் எழுந்து உள்ளே போனாள். நான் திரைக்கு வெளியே, முக்காலியில்.

"இந்தா வெளிய உக்காந்துருக்காரே, இவரு என்னையப் பொண்ணு பாக்க வந்த கத தெரியுமா உனக்கு?" என்று ஆரம்பித்தாள்.

அந்தப் பழைய கதை இதுதானா?

"நான் அலங்காரமெல்லாம் பண்ணி, காப்பித் தட்டோட வந்து நிக்கிறேன். வீடே என்னையப் பாக்குது. இவரு மட்டும் எனக்குப் பின்னால இருக்குற சொவத்தப் பாக்குறாரு. பாக்குறாரு, பாக்குறாரு, கண்ண எடுக்கவே இல்ல. எங்கப்பா, 'என்ன மாப்ள, புடிச்சிருக்கா?'ங்கிறாரு. இவரு, 'சொவரு ரெண்டு இஞ்சு சாஞ்சிருக்கு மாமா, தூக்குக்குண்டு வச்சுப் பாத்தீங்களா?'ங்கிறாரு."

உள்ளே கௌசல்யா சிரிக்கிற சத்தம். மச்சானும் சிரிக்கிறார். எத்தனை தடவை கேட்டிருப்பாரோ, அவருக்கு இன்னும் அலுக்கவில்லை. கேமரா நான்கைந்து முறை சடசடவென்று அடித்தது.

"எங்கப்பா பயந்துட்டாரு, பொண்ணு புடிக்கலன்னு நெனச்சு. ரெண்டு நா கழிச்சு ஒரு கொத்தனாரோட வந்து நிக்கிறாரு இந்த மனுசன். சொவத்தச் சரிபண்ணிக் குடுத்துட்டுத்தான் தாலி கட்டுனாரு. அன்னைக்கு என்னைய ஒரு தடவையாச்சும் பாத்தாரான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல."

கௌசல்யாவின் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "நெசமாங்கய்யா?" என்றார்.

"ரெண்டு இல்ல, ஒண்ணேமுக்கால் இஞ்சு" என்றேன்.

என்னை வைத்துத்தான் இத்தனை பேரும் சிரித்திருக்கிறார்கள். என்னை வைத்துத்தான் இவர்களுக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் கிடைத்திருக்கிறார்கள். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சந்தோஷமாக இருந்தது.

ஏப்ரல் 9, செவ்வாய்

மச்சானிடம் போய், "நீங்க சொன்னது சரி" என்று சொன்னேன். "எது மாப்ள?" என்றார். தெரிந்துகொண்டே கேட்கிறார். முழுதாகச் சொல்லவைத்தார். நான் சும்மா கொடுத்தது தானம் அல்ல, அவருடைய வியாபாரத்தை எடுத்து வழியில் போகிறவனுக்குக் கொடுத்தது என்று சொன்னேன். "புகழ்தான் நான் வாங்குன சம்பளம் மச்சான். சம்பளம் இல்லாம நானும் செய்யல" என்றும் சொன்னேன். அதை அவர் எதிர்பார்க்கவில்லை. எழுந்துபோய் இரண்டு டீ சொன்னார்.

பஞ்சவர்ணத்துக்கு மாதச் சம்பளம் பேசியிருக்கிறாராம். மார்ச்சிலிருந்தே. வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாது.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை பிறந்தது. ஸ்டுடியோவில் சாமி கும்பிட்டு, சாவிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துத் திரும்ப மச்சான் இடுப்பிலேயே செருகிக்கொண்டார். செல்போன் கடைக்காரன் வேறு இடம் பார்த்துவிட்டான்.

கௌசல்யாவை வரும் வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள்.

ஏப்ரல் 20, சனி

கௌசல்யாவுக்கு முடிந்தது. அம்மா ஒரு கூடை மாங்காய் கொண்டுவந்து கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பஞ்சவர்ணம் பார்த்த பார்வையில் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

நாளை மறுநாள் கடைசித் தேதி. நானாகவே சொன்னேன்: "கிளம்பு, உங்கண்ணன் கடையில போயி எடுத்துக்கிருவோம்." அரக்குப் புடவை கட்டிக்கொண்டாள். நான் வெள்ளைச் சட்டை.

பச்சைத் திரைக்கு உள்ளே போனது இதுதான் முதல் தடவை. இரண்டு நாற்காலி, பின்னால் நீலத் துணி. உட்கார்ந்ததும் எனக்குக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஊரில் எத்தனை பேரைக் கேமரா முன்னால் நிறுத்தியிருக்கிறேன். அந்த விறைப்பு என்னவென்று இன்றுதான் தெரிந்தது.

"கொஞ்சம் தளத்துங்க மாப்ள. ஆபீஸ்ல மெமோ வாங்குற மாதிரி இருக்கு" என்றார் மச்சான்.

தளர்த்தினேன். இன்னும் மோசமாகியிருக்க வேண்டும், மச்சான் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டார். கேமராவுக்கு அந்தப் பக்கம் நின்று கதை சொல்ல இன்று ஆள் இல்லை. கதை சொல்கிறவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"பின்னாடி துணிய பாத்தீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எந்தத் துணி?"

"நீலத் துணி. நேராத் தொங்குதா, சாஞ்சிருக்கான்னு உள்ள வந்ததும் பாத்திருப்பீங்களே."

நான் பார்க்கவில்லை. உண்மையாகவே பார்க்கவில்லை. அதைச் சொல்ல அவள் பக்கம் திரும்பினேன். அரக்குப் புடவையும், காதோரம் நரையும், சிரிப்பை அடக்கிக்கொண்டு இருக்கிற வாயும். முப்பத்து மூன்று வருடம் தினமும் பார்க்கிற முகம்தான். ஆனாலும் சொல்ல வந்தது மறந்துவிட்டது. கேமரா அடித்தது.

"ஏங்க, முன்னால பாருங்க" என்றாள்.

"அன்னைக்குப் பாக்கலன்னு ஊரெல்லாம் சொன்னேல்ல. இன்னைக்குப் பாத்துக்கிறேன்."

மச்சான் இன்னும் இரண்டு அடித்துவிட்டு, "இது ஆபீஸ்ல செல்லாது மாப்ள. ரெண்டு பேரு மொகமும் நேரா இருக்கணுமாம்" என்றார். நேராகப் பார்த்து ஒன்று எடுத்தோம். அதுவும் நன்றாகவே வந்தது. மூன்று பிரதிகள்.

காசு கொடுத்தேன். மச்சான் பின்வாங்கினார். "உங்ககிட்டப் போயி வாங்குவேனா மாப்ள? சொந்தத்துக்குள்ள என்ன காசு?"

"வாங்குங்க மச்சான். நீங்களே இப்பிடிச் சும்மா குடுத்தா மத்தவன் எப்பிடிப் பொழைக்கிறது?" என்றேன். பஞ்சவர்ணம் கல்லாவுக்குப் போய் உட்கார்ந்து, கையை நீட்டி வாங்கி, ரசீது எழுதி, மீதிச் சில்லறையைச் சரியாகக் கொடுத்தாள்.

"அந்த செல்லாத படம் ஒண்ணு வேணும். அது எவ்வளவு?" என்று கேட்டேன்.

"அது வித்துப்போச்சு."

"யாருக்கு?"

மேசை இழுப்பறையைத் திறந்து, உறையில் போட்டு வைத்திருந்ததைக் காட்டினாள். நான் கைகழுவப் போயிருந்த நேரத்தில் பிரிண்ட் போட்டிருக்கிறார்கள். "எனக்குத்தான். சும்மா வாங்கல. எஞ் சம்பளத்துல கழிச்சுக்கச் சொல்லிட்டேன்."

ஏப்ரல் 30, செவ்வாய்

மூன்று பிரதிகளைக் கொடுத்தேன். கண்காணிப்பாளர் பார்த்துவிட்டு, "நல்லாருக்கே சார், நீங்களே எடுத்ததா?" என்றார்.

"இல்ல. தனம் ஸ்டுடியோ" என்றேன்.

மே 12, ஞாயிறு

கும்பக்கரை போகிற ரோட்டில் புது லாட்ஜ் கட்டுகிறவர் போன் செய்தார். என் நீர்க்காகப் படத்தை எங்கோ பார்த்திருக்கிறார். வரவேற்பறைச் சுவருக்குப் பெரிதாக வேண்டுமாம். "உங்க பேர கீழ போட்டுருவோம் சார், நல்ல வெளம்பரம்" என்றார்.

விலையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், எதிராளி பேசும்வரை மூச்சு விடக் கூடாது என்று மச்சான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். மூவாயிரம் என்றேன். எதிர்முனையில் சத்தம் இல்லை. என்னால் தாங்க முடியவில்லை. "ரெண்டாயிரத்து ஐநூறுன்னாலும் சரி" என்று நானே சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டார். "மூவாயிரமே குடுக்குறேன் சார், படம் அவ்வளவு நல்லாருக்கு" என்றார்.

மச்சானிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். ஜூனிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வெளிப்புறப் படங்கள் நான், ஸ்டுடியோ ரசீதில், ஸ்டுடியோ விலையில். விலை பேசுவது மட்டும் பஞ்சவர்ணம் என்று அண்ணனும் தங்கையும் முடிவு செய்துவிட்டார்கள். பறவைகள் பழையபடி என் கணக்கு.

மே 31, வெள்ளி

வட்டம் போட்ட பக்கம். சந்தன மாலை, சால்வை, ஆறு பேச்சு. ஜெயபாரதி கணவனோடு வந்து பேசினாள். பேசியது முழுக்க முருங்கை மரத்தடியைப் பற்றி.

வீட்டுக்கு வந்ததும் பஞ்சவர்ணம் உறையைப் பிரித்தாள். செல்லாத படத்துக்குச் சட்டம் போட்டு வைத்திருந்தாள். கூடத்துச் சுவரில் ஆணி அடித்து நான்தான் மாட்டினேன். "நேரா இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். தூக்குக்குண்டு வைத்துப் பார்க்கவில்லை.